உங்கள் தங்கையின் முகத்தில் மூன்றாவது ஊசி

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
புதன், பிற்பகல்.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் திரு. மகாவீர் அவர்களுக்கு ஜினசந்திரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அருகன் அருளால் தாங்களும் தங்கள் வீட்டாரும் கொல்லையில் போட்டிருக்கும் மல்லாட்டைப் பயிரும் இந்த மழையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கு நான் நலம். உங்கள் தங்கை ஜெயந்திமாலாவும் நலம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. ஒருவர் நலமா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? அந்த முகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனைப் போட்டுப் பேசாமல் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே, ரிட்டயர் ஆனதும் மூளை கலங்கிவிட்டதா என்று நினைக்காதீர்கள் மச்சான். போனில் பேசினால் அவள் காதில் விழும். கொஞ்ச நாளாக அவளுக்குக் காது கூர்மையாகிவிட்டது, அதிலும் தண்ணீர்ச் சத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். மாடியில் நான் தொட்டி மூடியை லேசாகத் தூக்கினாலும் கீழே சமையலறையில் இருந்தபடியே, “மூடுங்க, தண்ணி கலங்குது” என்கிறாள். தண்ணீர் கலங்குவது சமையலறைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். “மொதல்ல மூடுங்க” என்றாள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளக் கூடாது, உண்மையைத்தான் எழுதுகிறேன். நம் பெண் தீக்ஷாவின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் தாயாரை மாப்பிள்ளைக்கு அக்கா என்று நினைத்துக்கொண்டு, “உனக்கு எப்பம்மா கல்யாணம்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே உங்களை மன்னித்துவிட்டார். உங்கள் தங்கை மன்னிக்கவில்லை. சென்னையிலிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் கார் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நிச்சயதார்த்த வீடியோ வந்த அன்று அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். “அந்தம்மா பக்கத்துல நின்னா நான் அவங்களுக்கு மாமியார் மாதிரி இருக்கறேங்க. தை மாசம் கல்யாணத்துல மேடையில எப்படி நிப்பேன்?” என்றாள். நீ எப்போதும் போலத்தான் இருக்கிறாய் என்று ஆறுதல் சொன்னேன். அது ஆறுதல் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

எதிர்வீட்டு ரேணுகாம்பாள்தான் வழி காட்டினாள். “இன்னாக்கா இதுக்குப் போய் கவலப்படற? செங்கம் ரோட்டுல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. என் நாத்தனார் போயிட்டு வந்தா, அவ புருஷனே அடையாளம் தெரியாம ஆதார் கார்டு கேட்டான்” என்றாள். அதை அவள் பெருமையாகச் சொன்னாள். ஆசிரமத்துப் பக்கம் ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த கிளினிக். உடம்பை மறந்து கண்ணை மூடி உட்கார வந்த வெளிநாட்டுப் பெண்மணிகள் இருவர், கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கத்தைச் சரி செய்துகொள்ள எங்களுக்கு முன்னால் காத்திருந்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண், கனிவாகத்தான் பேசினார். மூன்று வகை ஊசியாம். ஒன்று நெற்றித் தசையைத் தூங்க வைத்துச் சுருக்கம் விழாமல் செய்யும். அதற்கு போடாக்ஸ் என்று பெயர். இன்னொன்று பள்ளம் விழுந்த இடத்தில் ஜெல்லை வைத்து ரொப்பும். மூன்றாவது தோலுக்குப் புது உயிர் கொடுக்கும். “ஒன்னொன்னும் தனித்தனியா போட்டா அதது வேலையத்தாம்மா பாக்கும். மூணையும் சேத்துப் போட்டா, உள்ளுக்குள்ள ஒன்னோட ஒன்னு பேசி வச்சிக்கிட்டு வேலை செய்யும்” என்று கையைக் கோத்துக் காட்டினார். அவர் சொன்னது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. என்ன பேசும் என்று கேட்டிருக்க வேண்டும். சர்வே டிபார்ட்மெண்டில் ஆயுள் முழுக்க அடுத்தவன் வரப்பு விவகாரத்தைக் கேள்விமேல் கேள்வி கேட்டவன், சொந்தப் பெண்டாட்டி முகத்து விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கேள்வி கேட்கவில்லை என்று உங்கள் தங்கையைக் குறை சொல்ல முடியாது. குடிக்கும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருந்துவிடப் போகிறதே என்று துணி கட்டி வடிகட்டியதை மறுபடியும் வடிகட்டுகிறவள், கொசு கடித்தால் “போம்மா, போ” என்று ஊதி அனுப்புகிறவள், சும்மா விடுவாளா? டாக்டரம்மாவை உட்கார வைத்து விசாரித்தாள். “இதுல முட்டை கலந்திருக்கா?” இல்லை என்றார். “தேன்?” இல்லை. “வெங்காயம், பூண்டு, பூமிக்கடியில வெளையற கிழங்கு எதுனா?” டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தியமாக இல்லை என்றார். கடைசியாக, “பொழுது சாயறதுக்குள்ள ஊசியப் போட்டு முடிச்சிடணும் டாக்டர், இருட்டினதுக்கப்புறம் நாங்க உடம்புக்குள்ள எதையும் சேக்கறதில்ல” என்றாள். அதற்கும் அவர் ஒப்புக்கொண்டார். நம் வீட்டு ஆசாரத்தில் ஒரு பழுதும் வராமல் முகத்தை மாற்றிக்கொள்ளப் போகிறோம் என்று இருவரும் சந்தோஷமாகப் படியேறினோம்.

முதல் ஊசி போட்டுச் சில நாளில் அவள் நெற்றி இஸ்திரி போட்டது போல ஆகிவிட்டது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான்தான் தவித்துப் போனேன். அவள் புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடுகள் விழும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் இல்லறம் அந்த இரண்டு கோடுகளை நம்பித்தான் நடந்து வந்தது. ஒரு கோடு விழுந்தால் பேச்சை மாற்ற வேண்டும், இரண்டும் விழுந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். இப்போது கோடே இல்லை. திட்டுகிறாள், முகம் திட்டவில்லை. அழுகிற குரலில் பேசுகிறாள், முகம் சும்மா இருக்கிறது. சுவரில் மாட்டிய போட்டோவுக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரோ பேசுவது போல இருக்கிறது மச்சான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இப்போது தினமும், “கோபமா இருக்கியா?” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

பிறகு பள்ளத்தை ரொப்பினார்கள், அதோடு சேர்த்து மூன்றாவது ஊசியையும் கன்னம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் போட்டார்கள். வீங்கி வடிந்ததும் பார்த்தால், கல்யாண ஆல்பத்தில் இருக்கிற ஜெயந்திமாலா வந்து நிற்கிறாள் என்று ரேணுகாம்பாள் கையைத் தட்டினாள். எனக்கு எதிலும் அளந்து பார்க்காமல் திருப்தி வராது. ஆல்பத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் வேறு, இவள் வேறு. அந்த ஆல்பத்தை யாரோ நன்றாகப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போய், ஞாபகத்தில் இருந்தவரைக்கும் இவளைச் செய்தது போல இருந்தது. தோல் மட்டும் நிஜமாகவே பளபளத்தது. வெயில் படாத இடத்தில் நின்றாலும் பளபளத்தது. கன்னத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

அந்த வாரம்தான் பூனைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு தெருவில் உள்ள எல்லாம். காம்பவுண்டுச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து சமையலறை ஜன்னலையே பார்த்தன. பால் வைத்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு பூனையாவது கத்தினால் பரவாயில்லை, அவை கத்தவே இல்லை, ஏதோ காரியத்துக்காக ஆபீஸ் வாசலில் காத்திருக்கும் ஜனங்களைப் போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தன. அவள் கூடத்துக்கு வந்தால் அவையும் இறங்கிக் கூடத்து ஜன்னல் பக்கம் போய் உட்காரும். அடுத்து, ஏரியிலிருந்து ஒரு கொக்கு வந்து எங்கள் சன்ஷேடில் நின்றுகொண்டது. அவள் துணி காயப் போடும்போது ஒரு மீன்கொத்தி கொடிக்கம்பியில் இருந்து நேராக அவள் முகத்தை நோக்கிப் பாய்ந்து, தொடுகிற தூரத்தில் என்ன நினைத்ததோ, திரும்பிப் பறந்துவிட்டது. அவள் கையைக்கூடத் தூக்கவில்லை, இமையைக்கூட அசைக்கவில்லை. “பாவம், பசி” என்று மட்டும் சொன்னாள்.

இமை என்றதும் ஞாபகம் வருகிறது. அவள் இமைப்பதை நான் பார்த்துப் பல நாளாகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள் அல்லவா, போன வாரம் ஏதோ கேட்க அறைக்குள் போனேன். படுத்திருந்தாள். நல்ல தூக்கம், குறட்டைகூட வந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்கிறதா பார்க்கவில்லையா என்று தெரியாமல் நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தேன். அப்புறம் அந்தப் பேசின் விவகாரம். வடிகட்டிய தண்ணீரைப் பெரிய பேசினில் ஊற்றி, அதற்குள் முகத்தை வைத்துக்கொள்கிறாள். முகம் கழுவுகிறாள் என்று நினைத்தேன். முகம் கழுவுகிறவர்கள் மூச்சு விட வெளியே வருவார்கள். இவள் வருவதில்லை. ஒருநாள் பயந்துபோய் தோளைப் பிடித்து இழுத்தேன். நிமிர்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, “இன்னாங்க அவசரம்? பேசிக்கிட்டுதானே இருந்தேன்” என்றாள்.

மறுநாளே அவளிடம் சொல்லாமல் செங்கம் ரோட்டுக்குப் போனேன். டாக்டரம்மா இல்லை, முன்னால் உட்கார்ந்திருக்கும் ரூக்ஸார் என்ற பெண்தான் இருந்தாள். தங்கமான பெண். கண் மூடவில்லை என்றேன். “அது மொத ஊசியோட வேலை அங்கிள், போகப் போக சரியாயிடும்” என்றாள். பூனை வருகிறது என்றேன். “பூனையா?” என்று சிரித்தாள். கொக்கு, மீன்கொத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு கம்மியாகிக்கொண்டே வந்து, கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: “ஆன்ட்டி ப்யூர் வெஜ்ஜா அங்கிள்?”

நாங்கள் ஜைனர் அம்மா என்றேன். அந்தப் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டாள். “மூணாவது ஊசி மீன்ல இருந்து எடுக்கறதாச்சே! கொரியாலருந்து வருது. ஆன்ட்டி முட்டை இருக்கா, தேன் இருக்கான்னு எல்லாம் கேட்டாங்க, மீன் இருக்கான்னு கேக்கவே இல்லையே அங்கிள்!” என்றாள். மீனில் எந்தப் பாகத்திலிருந்து என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன பதிலை, ஒரு தங்கையின் அண்ணனுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. ஆண் மீன் என்பது வரை சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

யோசித்துப் பாருங்கள் மச்சான். நம் வீட்டுப் பெண்களில் யாருக்காவது மீன் என்ற கேள்வி வாயில் வருமா? முட்டை கேக்கில் ஒளிந்திருக்கும், தேன் மருந்தில் ஒளிந்திருக்கும், அதனால் அவற்றைக் கேட்கத் தெரியும். மீன் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது? பதில் சொன்னவரும் பொய் சொல்லவில்லை, கேட்டவளும் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் ஐம்புலனும் உள்ள ஒரு உயிர் உங்கள் தங்கையின் கன்னத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, காலாற நடப்போம் என்று கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு குளம் இருக்கிறது. நாலைந்து பேர் படியில் நின்று மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மேல்படியில் கால் வைத்தாள், அவ்வளவுதான். பொரி அப்படியே மிதந்தது, ஒரு மீனும் அதைத் தொடவில்லை. எல்லா மீனும் இவள் நின்ற பக்கமாகத் திரும்பி, படியோரமாக வந்து, தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. வாயைத் திறந்து திறந்து மூடின. இவளும் உதட்டைத் திறந்து திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை. பொரி போட்டவர்கள் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நழுவிவிட்டார்கள். ஒருவர் மட்டும் போகிற போக்கில் என்னிடம், “சார், அம்மாவை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். கூட்டிக்கொண்டு வந்தேன். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.

பிறகும் சொல்ல முயற்சி செய்தேன். “அந்த மூணாவது ஊசி இருக்கே…” என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த இமைக்காத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அழுகையா, பேசினில் முகம் வைத்த ஈரமா? முகத்தில் ஒரு தடயமும் இல்லை. முன்பெல்லாம் கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் பாதி சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன், தாங்குவாள் என்று தெரிந்தால் மீதியைச் சொல்வேன். இப்போது எதைப் பார்த்துச் சொல்வது? “மூணாவது ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு” என்று முடித்துவிட்டேன்.

இதுதான் என் நிலைமை. சின்ன வயதில் கதவிடுக்கில் ஒரு பல்லிக்குஞ்சு நசுங்கியதற்கு எத்தனை நாள் பட்டினி கிடந்தாள் என்று நீங்களே சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மீன் விஷயம் தெரிந்தால் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிடுவாள், தை மாதம் மேடையில் நிற்க ஆள் இருக்காது. சொன்னால் அவளை ஒரேயடியாக இழந்துவிடுவேன். சொல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே இருக்கிறேன், அதைத் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். எனக்கு அவள் வேண்டும் மச்சான். கோடு விழுந்த முகமோ விழாத முகமோ, எனக்கு அவள் வேண்டும். அவள் எதிர்த்துப் பேசாமல் கேட்பது உங்கள் ஒருவர் பேச்சைத்தான். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து, பக்குவமாக நீங்களே அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கோயில் உபாத்தியாயரிடம் பெயர் சொல்லாமல், இதற்கு என்ன பரிகாரம் என்றும் விசாரித்து வரவும். வரும்போது பூனைகளைக் கண்டு பயப்பட வேண்டாம், அவை உங்களை ஒன்றும் செய்யாது.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லா உயிரும் இன்புற்றிருக்க.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஜினசந்திரன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன், இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுதத் தெம்பில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். கவரை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே, “மீனைப் பத்திதானே அண்ணனுக்கு எழுதினீங்க? எழுதறப்ப வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேதானே எழுதுவீங்க” என்றாள். உனக்கு எப்போது தெரியும் என்றேன். “ஊசி போட்ட அன்னைக்கே. ஆட்டோல வரச்சவே கன்னத்துக்குள்ள ஏதோ ஒன்னு புரண்டு படுத்துச்சு. உள்ள ஒரு உயிர் வந்திருக்குன்னா எனக்குத் தெரியாதா? நான் தீக்ஷாவ சுமந்தவ இல்லையா?” என்றாள். சாப்பாட்டை விட்டுவிடுவாயோ என்றுதான் சொல்லாமல் இருந்தேன் என்றேன். “நான் பட்டினி கெடந்தா அதுக்கும் பட்டினிதானே?” என்றாள்.

பேசினிலும் குளத்திலும் அவள் இத்தனை நாள் அந்த மீனிடமும் அதன் இனத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். தசலட்சண நோன்பு முடிகிறபோது, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கெல்லாம் எல்லா உயிரிடமும் கேட்போமே, அதே மன்னிப்பைத்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம் ஜெயந்திமாலாதான் மச்சான், அணுவளவும் மாறவில்லை. மகிழ்ச்சியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னித்தார்களா என்று கேட்டேன். “என்னை எப்பவோ மன்னிச்சாச்சு. நான் தெரியாம செஞ்சவ” என்றாள். பிறகு என் கையை விடாமலே சொன்னாள்: “தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தவரைத்தான் கேக்கறாங்க. கூட்டிட்டு வரச் சொல்லி தினம் சொல்றாங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், பொழுது சாய்வதற்குள் குளத்துக்குப் போய்விட வேண்டுமாம். எனக்கு அவர்கள் பாஷை தெரியாதே என்று இங்கிருந்தே சொல்லிப் பார்த்தேன். “பாஷையெல்லாம் வேணாங்க. தண்ணிக்குள்ள எறங்கி வாயத் தொறந்துகிட்டு நின்னா போதும், மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க” என்கிறாள்.